ஓ செப்ரெய்ரோ ஏற்றம்: காமினோவில் முதல்முறை நடப்பவர்களுக்கு

புனித சந்தியாகப்பரின் கல்லறையை நோக்கிப் போகும் காமினோ பாதயாத்திரையில், ‘பிரெஞ்சு வழி’ எனப்படும் பாதையில் வருபவர்கள் ஸ்பெயினின் கலீசியா மாநிலத்துக்குள் நுழைந்ததும் எதிர்ப்படும் முதல் ஊர் ஓ செப்ரெய்ரோ. சுமார் 1,300 மீட்டர் உயரத்தில், மலை முகட்டிலேயே அமைந்த சின்னஞ்சிறு கல் கிராமம். பிரான்ஸ் எல்லைப் பக்கத்திலிருந்து கிளம்பியவர்கள் இங்கே வரும்போது அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து முடித்திருப்பார்கள். கல்லறை இருக்கும் சாந்தியாகோ தே கோம்போஸ்தெலா நகருக்கு இன்னும் ஏறக்குறைய 160 கிலோமீட்டர் பாக்கி.

இந்த ஏற்றத்தைப் பற்றிப் பயமுறுத்திப் பேசுபவர்கள் நிறைய. அவ்வளவு பயப்பட வேண்டிய மலை இல்லை இது. பலர் இங்கே திணறிப்போவதற்குக் காரணம், நடையை நாள்களாகப் பிரித்த விதம். அதைச் சரியாகப் போட்டுவிட்டால் நடுத்தர உடல்நிலை உள்ள அறுபது வயதுக்காரர்கூட நிதானமாக ஏறிவிடலாம்.

முதலில் கணக்கைப் பாருங்கள்

வழிகாட்டிகள் வழக்கமாகச் சொல்லும் ஒருநாள் நடை, வில்லாஃபிராங்கா தெல் பியெர்சோ ஊரிலிருந்து ஓ செப்ரெய்ரோ வரை, சுமார் 28 கிலோமீட்டர். வில்லாஃபிராங்கா ஏறத்தாழ 510 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பெரேஹே 5 கிலோமீட்டர், திராபாதெலோ 10, வேகா தே வல்கார்சே 17, ருயித்தெலான் 19, லாஸ் எர்ரெரியாஸ் இருபதரை. லாஸ் எர்ரெரியாஸின் உயரம் சுமார் 680 மீட்டர். அதாவது முதல் 20 கிலோமீட்டரில் ஏறுவது மொத்தமே 170 மீட்டர்தான். மிச்சமுள்ள 8 கிலோமீட்டரில் 620 மீட்டர் ஏறியாக வேண்டும்.

காலையில் உடம்பு புதிதாக இருக்கும்போது சமதளம்; தார்ச்சாலையில் இருபது கிலோமீட்டர் நடந்து பாதம் காய்ந்து, வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் செங்குத்து. இப்படி ஒரு நாளை யாரும் தெரிந்தே அமைத்துக்கொள்ள மாட்டார்கள். வழிகாட்டியில் அச்சிட்டிருக்கிறதே என்பதற்காக அப்படியே நடக்க வேண்டிய அவசியமும் இல்லை. வழியெங்கும் இரண்டு, மூன்று கிலோமீட்டருக்கு ஒரு ஊர், பெரும்பாலானவற்றில் யாத்ரீகர் விடுதி. எங்கே வேண்டுமானாலும் அன்றைய நடையை முடித்துக்கொள்ளலாம்.

நாளைப் பிரிக்கும் மூன்று விதம்

மலை மேலேயே ஓர் இரவு தங்க ஆசைப்படுபவர்கள் முந்தைய இரவை வேகா தே வல்கார்சேயிலோ ருயித்தெலானிலோ லாஸ் எர்ரெரியாஸிலோ கழிக்கலாம். மறுநாள் நடை வெறும் 8 முதல் 12 கிலோமீட்டர். விடிந்தபின் கிளம்பினாலே மதியத்துக்குள் மேலே வந்து, விடுதி திறக்கும் முன் வரிசையில் நின்றுவிடலாம். முதல்முறை வருபவர்களுக்கு நாங்கள் சொல்வது இதைத்தான்.

மேலே தங்காமல் கடந்து போக நினைப்பவர்களுக்கு லா ஃபாபா பொருத்தம். ஏற்றத்தில் பாதிக்குச் சற்று முன்னால், 920 மீட்டரில் உள்ள ஊர். சான் அந்திரேஸ் கோயிலை ஒட்டி விடுதி இருக்கிறது. காலையில் அங்கிருந்து கிளம்பினால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் ஓ செப்ரெய்ரோ. அங்கே காலை உணவு முடித்து, மலைக்கு அப்பால் உள்ள ஃபோன்ஃப்ரியா வரையோ திரியாகாஸ்தெலா வரையோ போகலாம். குறை ஒன்றுதான்: அழகான கிராமத்தில் ஒரு மணி நேரம்கூட இருக்க மாட்டீர்கள்.

ஒரே நாளில்தான் ஏற வேண்டும் என்றால், முந்தைய நாள் போன்ஃபெராதாவிலிருந்து வரும்போது வில்லாஃபிராங்காவோடு நிறுத்தாமல் திராபாதெலோ வரை வந்துவிடுங்கள். மறுநாள் 18 கிலோமீட்டர் சொச்சம் மட்டுமே மிஞ்சும். ஆனால் முந்தைய நாள் நீண்டுவிடும். கால் நன்றாகப் பழகியவர்களுக்கு மட்டும்.

இந்த மலையிலிருந்துதான் யாத்திரையையே தொடங்கப் போகிறீர்கள் என்றால், மாட்ரித்திலிருந்து கலீசியா போகும் தொலைதூரப் பேருந்தில் பெத்ராஃபிதா தோ செப்ரெய்ரோவில் இறங்கலாம். அங்கிருந்து கிராமத்துக்குச் சாலை வழியே நான்கைந்து கிலோமீட்டர். என்றாலும் வில்லாஃபிராங்காவிலேயே இறங்கி, இரண்டு நாள் எடுத்து நடந்து ஏறிவருவது மேல்.

வில்லாஃபிராங்காவில் முடிக்க வேண்டியவை

ஊரின் நுழைவிலேயே 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சாந்தியாகோ கோயில். அதன் வடக்கு வாசலுக்கு மன்னிப்பின் வாசல் என்று பெயர். நோயாலோ காயத்தாலோ மேற்கொண்டு நடக்க முடியாத யாத்ரீகர்கள் இந்த வாசலை அடைந்தால், சாந்தியாகோவை அடைந்தவர்களுக்குரிய பாவமன்னிப்புப் பலன் இங்கேயே கிடைக்கும் என்று திருச்சபை சலுகை தந்திருந்தது. எதிரே நிற்கும் மலை எத்தனை பேரை நிறுத்திவிடும் என்று அந்தக் காலத்தவர் அறிந்தே இருந்தார்கள். முழங்கால் வீங்கியோ காய்ச்சலோ இருந்தால் நீங்களும் இந்த ஊரில் ஒருநாள் ஓய்வெடுங்கள். மருந்துக்கடைகளும் நல்ல சாப்பாட்டுக் கடைகளும் உண்டு.

ரொக்கம் எடுத்துக்கொள்வது முக்கியம். மலையில் சில கடைகள் கார்டு வாங்குவதில்லை. வாங்கும் இடத்திலும் மழை நாளில் இணைப்பு போய்விடும். இரண்டு நாள் சாப்பாடு, தங்கல் இரண்டுக்குமாக ஆளுக்கு 80, 100 யூரோ கையில் இருந்தால் கவலை இல்லை. பிளாஸ்டர், வலி மாத்திரை ஆகியவற்றையும் இங்கேயே வாங்குங்கள். இரண்டு ஆரஞ்சு, ஒரு ரொட்டி, ஒரு பாக்கெட் வாதுமைப் பருப்பு போதும். மூன்று நாள் மளிகையைச் சுமந்து ஏற வேண்டாம்.

முதுகுப்பையின் எடை உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 65 கிலோ உள்ளவருக்கு ஆறரைக் கிலோ. அதற்கு மேல் போனால், அன்றைக்கு மட்டும் பையை வண்டியில் அனுப்பும் வசதி இருக்கிறது. விடுதியில் தரும் உறையில் பெயரையும் சேர வேண்டிய இடத்தையும் எழுதி, சில யூரோவை உள்ளே வைத்து, பையில் கட்டிக் காலை எட்டு மணிக்குள் வரவேற்பறையில் வைத்துவிட வேண்டும். கலீசிய அரசு விடுதிகள் இப்படி வண்டியில் வரும் பையை ஏற்பதில்லை. ஆகவே தனியார் விடுதியின் முகவரியைத்தான் எழுத வேண்டும். பாஸ்போர்ட், பணம், மழைச்சட்டை, ஒரு கம்பளிச் சட்டை, மருந்து, தங்கும் இடங்களில் முத்திரை குத்தித் தரும் யாத்ரீகர் அட்டை இவை எப்போதும் உங்களோடு இருக்கட்டும்.

பள்ளத்தாக்கில் முதல் இருபது கிலோமீட்டர்

வில்லாஃபிராங்காவை விட்டு வெளியேறும்போதே பாதை இரண்டாகிறது. ஒன்று வல்கார்சே ஆற்றங்கரையில் பழைய தேசியச் சாலையை ஒட்டிப் போகும் நேர்வழி. இன்னொன்று வலப்பக்கம் செங்குத்தாக ஏறிப் பிரதேலா வழியாகச் சுற்றி, திராபாதெலோவில் இறங்கி மீண்டும் சேர்ந்துகொள்ளும் மலைவழி. இரண்டாவது வழியில் செஸ்ட்நட் தோப்புகளும் விரிந்த காட்சியும் உண்டு, உண்மை. ஆனால் நானூறு மீட்டர் ஏறி, அவ்வளவையும் இறங்கி, அதன்பின் ஓ செப்ரெய்ரோவையும் அன்றே ஏறப் போகிறவர்களுக்கு அது வேண்டாம். லாஸ் எர்ரெரியாஸோடு நிறுத்துவதாக இருந்தால் தாராளமாகப் போகலாம்.

நேர்வழியில் வண்டிகளுக்கும் உங்களுக்கும் நடுவே நெடுந்தூரத்துக்குக் கான்கிரீட் தடுப்பு இருக்கிறது. பெரிய போக்குவரத்தெல்லாம் தலைக்கு மேலே பாலங்களில் ஓடும் அதிவேகச் சாலைக்குப் போய்விட்டதால் கீழே வண்டி குறைவு. ஆபத்து வண்டியால் வருவதைவிடத் தாரால் வருவதே அதிகம். தட்டையான பாதை என்று மணிக்கு ஐந்தரை, ஆறு கிலோமீட்டர் வேகத்தில் விளாசுபவர்களுக்கு, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை ஒட்டி எரிச்சல் போன்ற வலி கிளம்பும். அது வந்துவிட்டால் மறுநாள் இறக்கத்தில் ஒவ்வொரு அடியும் வேதனைதான். மணிக்கு நான்கு கிலோமீட்டர் போதும். மண் ஓரம் கிடைக்கும் இடமெல்லாம் அதில் இறங்கி நடங்கள். திராபாதெலோவில் ஒருமுறை, வேகாவில் ஒருமுறை ஷூவையும் காலுறையையும் கழற்றிப் பாதத்தைக் காற்றாட விடுங்கள். பாதத்தில் எந்த இடமாவது சூடாக உறுத்தினால் அங்கேயே நின்று பிளாஸ்டர் ஒட்ட வேண்டும். கொப்புளம் எழும்பிய பிறகு ஒட்டுவது பாதிப் பலன்தான்.

குடிதண்ணீர் கணக்கு: கோடையில் ஒன்றரை லிட்டர், மற்ற காலத்தில் ஒரு லிட்டர். ஊர்தோறும் குழாயோ நீரூற்றோ இருக்கிறது. ‘நோ பொத்தாப்ளே’ என்று எழுதியிருந்தால் குடிக்கக்கூடாது என்று பொருள்.

ஏற்றம்: லாஸ் எர்ரெரியாஸிலிருந்து முகடு வரை

லாஸ் எர்ரெரியாஸைத் தாண்டிச் சிறிது தூரம் ஒற்றைத் தார்ச்சாலையில் நடந்ததும் ஒரு பிரிவு வரும். சைக்கிள்காரர்களுக்கு நேரே சாலை. நடப்பவர்களுக்கான பாதை சாலையை விட்டு விலகி, ஓடையை நோக்கிச் சற்றுக் கீழே இறங்கும். மலை ஏற வந்தவர்களைப் பாதை இறங்கச் சொல்கிறதே என்று பலர் இங்கே தயங்கி நிற்கிறார்கள். மஞ்சள் அம்புக்குறி எங்கே காட்டுகிறதோ அதுதான் சரி, இறங்குங்கள். கவனிக்காமல் சாலையிலேயே போய்விட்டாலும் பதற வேண்டாம், அதுவும் மேலே லகுனா என்ற ஊருக்குத்தான் போகிறது.

ஓடையைக் கடந்ததும் தொடங்குவதுதான் முழு ஏற்றத்திலும் கடினமான துண்டு. செஸ்ட்நட் மரங்கள் கூரை போட்ட, குழிவிழுந்த பழைய வண்டிப்பாதை. காலடியில் உருண்டைக் கற்கள், அவற்றுக்கிடையே ஈரமண், மாட்டுச்சாணி. குதிரைகளும் இதே வழியில் போவதால் மழை பெய்தால் சேறு கணுக்கால் வரை வரும். தூரம் இரண்டு கிலோமீட்டருக்குள்தான். இங்கே செய்ய வேண்டியது இவ்வளவே:

அடியைப் பாதியாகக் குறையுங்கள். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரியான வேகம். அதற்கு மேல் போனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிற்க நேரும். நின்று நின்று ஏறுவதுதான் அதிகம் களைப்பாக்கும்.

கைத்தடிகளைச் சமதளத்தில் வைத்திருந்ததைவிட ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் குட்டையாக்குங்கள். தடியை உங்களுக்கு முன்னால் எட்டி நடாமல், பாதத்துக்குப் பக்கத்தில் ஊன்றிப் பின்னோக்கித் தள்ளுங்கள். ரப்பர் முனை ஈரக் கல்லில் வழுக்கும்; மண்பாதையில் அதைக் கழற்றிவிடலாம்.

முழுப் பாதத்தையும் தரையில் பதியுங்கள். நுனிக்காலில் ஏறினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

லா ஃபாபாவில் காப்பிக்கு நிற்பது எல்லோரும் செய்வது. அங்கே இன்னொரு வேலையும் இருக்கிறது. மரநிழலில் ஏறி வந்ததால் சட்டை வேர்வையில் நனைந்திருக்கும். ஊரைத் தாண்டியதும் காடு முடிந்து திறந்த மலைச்சரிவு. காற்று நேரே முகத்தில் அடிக்கும். நனைந்த சட்டையோடு அதற்குள் நுழைந்தால் ஜூன் மாதத்திலும் நடுக்கம் வரும். லா ஃபாபாவிலேயே உலர்ந்த பனியனுக்கு மாறி, காற்றுத் தடுக்கும் மேல்சட்டையைப் பையின் மேற்புறத்தில் தயாராக வையுங்கள்.

அடுத்த இரண்டரை கிலோமீட்டரில் லகுனா தே காஸ்தியா, லெயோன் மாகாணத்தின் கடைசி ஊர். சரிவு இன்னும் இருக்கிறது, ஆனால் சீராக இருக்கிறது. பின்னால் திரும்பிப் பார்த்தால் நடந்து வந்த பள்ளத்தாக்கு முழுதும் தெரியும். அதைத் தாண்டிச் சிறிது தூரத்தில் கலீசிய எல்லைக்கல், மாநிலச் சின்னம் தீட்டியது. இங்கிருந்து சாந்தியாகோ வரை மீதித் தூரத்தைக் காட்டும் கற்கள் அடிக்கடி வரும். அரை மணியில் பாதை ஒரு கல் சுவரை ஒட்டி வளைந்து, நேரே கோயில் பக்கம் கொண்டுபோய் விடும். லாஸ் எர்ரெரியாஸிலிருந்து இதுவரை, இடைநிறுத்தங்களோடு இரண்டரை முதல் மூன்றரை மணி நேரம் ஆகும்.

ஏறவே முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு லாஸ் எர்ரெரியாஸில் குதிரைச் சவாரி உண்டு. முன்பதிவு தேவை. டாக்சியும் கிடைக்கும். சாந்தியாகோவில் தரும் சான்றிதழுக்கு, நடப்பவர்களிடம் கேட்கப்படுவது 100 கிலோமீட்டர் நடை. ஓ செப்ரெய்ரோவுக்குப் பிறகு அதைவிட அதிகமாகவே மிச்சம் இருப்பதால், இந்த ஒரு துண்டை வண்டியில் கடந்ததற்காக அது கைவிட்டுப் போகாது.

பருவநிலை

மே, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் பள்ளத்தாக்கில் வெயில், மேலே படுக்கைக்குப் போட்டி. நவம்பர் முதல் மார்ச் வரை பல தனியார் விடுதிகள் மூடிவிடும். பனி ஏப்ரலிலும் விழக்கூடும். பனிமூட்டமோ பனிப்பொழிவோ வந்து அம்புக்குறி தெரியாமல் போனால் காட்டுப்பாதையை விட்டுவிட்டுச் சாலையில் ஏறுங்கள். தூரம் கூடும், ஆனால் தொலைந்துபோக மாட்டீர்கள். அவசர உதவிக்கு எண் 112.

ஸ்பெயின் கடிகாரம் சூரியனுக்கு முன்னால் ஓடுகிறது என்பதை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். இந்தப் பகுதியில் ஜூனில் விடிவதே ஏழு மணிக்குச் சற்று முன்னால்தான், செப்டம்பர் கடைசியில் எட்டுக்குப் பிறகு. பழனி, வேளாங்கண்ணி யாத்திரைப் பழக்கத்தில் அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினால் அந்தக் காட்டுப்பாதையில் மூன்று மணி நேரம் இருட்டில் நடக்க வேண்டியிருக்கும். வெறுங்காலிலும் இங்கே நடக்க வேண்டாம். அந்தக் கற்களுக்கும் குளிருக்கும் பாதம் தாங்காது.

படுக்கை பிடிப்பது

கலீசிய அரசின் யாத்ரீகர் விடுதி ஊரின் மறுகோடியில் இருக்கிறது. நூற்றுக்கு மேல் படுக்கைகள். முன்பதிவு கிடையாது, வந்தவர் வரிசைப்படிதான், அதிலும் நடந்து வருபவர்களுக்குச் சைக்கிள்காரர்களைவிட முன்னுரிமை. திறப்பது மதியம் ஒரு மணி. பாஸ்போர்ட்டும் யாத்ரீகர் அட்டையும் காட்ட வேண்டும். கட்டணம் 10 யூரோ அளவில். ஓர் இரவுதான் தங்கலாம். இரவு பத்துக்குக் கதவு சாத்துவார்கள், காலை எட்டுக்குள் காலி செய்ய வேண்டும். மெத்தைக்கும் தலையணைக்கும் காகித உறை தருவார்கள், போர்வையை எதிர்பார்க்காதீர்கள். தூங்கும் பை இல்லாமல் மேலே வந்தால், கோடையிலும் இரவெல்லாம் குளிரில் விழித்திருக்க நேரும். அரசு விடுதிகளில் சமையலறை இருக்கும், பாத்திரம் இருக்காது. இது கலீசியா முழுக்கப் பொருந்தும்.

தனி அறை வேண்டுபவர்கள் ஊரிலுள்ள சிறு தங்குமனைகளில் பல வாரம் முன்பே பதிவுசெய்வது நல்லது. இடம் கிடைக்காவிட்டால் மாலை நான்கு மணிக்கு முன்பே முடிவெடுங்கள்: அடுத்த ஊர் லின்யாரெஸ் மூன்று கிலோமீட்டர், ஓஸ்பிதால் த கோன்தேசா ஆறு கிலோமீட்டருக்குள். கிளம்புமுன் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சைவ உணவுக்காரர்களுக்கு

கால்தோ கயேகோ என்ற கீரை, உருளைக்கிழங்கு சூப் குளிருக்கு இதமாக இருக்கும். பார்வைக்குச் சைவம், ஆனால் பன்றிக் கொழுப்பு போட்டே கொதிக்க வைப்பார்கள். பருப்புக் குழம்பு போன்ற லென்தேஹாஸிலும் பெரும்பாலும் தொத்திறைச்சி இருக்கும். கலவை சாலட்டில் சூரை மீன் சேர்ப்பது வழக்கம். ‘சின் கார்னே, சின் ஹமோன், சின் அதூன்’ என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்: கறி, பன்றித்தொடை, சூரை எதுவும் வேண்டாம் என்று அர்த்தம். ‘கார்னே வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் ஹமோன் வந்துவிடும். நம்பிச் சாப்பிடக்கூடியவை பதிரோன் குடைமிளகாய் வறுவல், ரொட்டி, முட்டை சேர்ப்பவர்களுக்கு உருளைக்கிழங்கு ஆம்லெட். இந்த ஊருக்கே உரியது, சமையற்காரர் தொப்பி வடிவில் செய்யும் செப்ரெய்ரோ பாலாடைக்கட்டி. தேன் ஊற்றித் தருவார்கள். தவறவிட வேண்டாம்.

மேலே இருக்கும் மதியம்

சாந்தா மரியா லா ரியால் கோயில் காமினோவின் மிகப் பழைய கோயில்களில் ஒன்று. சுமார் 1300ஆம் ஆண்டு, பனிப்புயலில் திருப்பலி காண ஏறி வந்த ஓர் ஏழை விவசாயியைப் பார்த்து, இவ்வளவு பாடும் ஒரு துண்டு அப்பத்துக்கா என்று குருவானவர் மனதுக்குள் ஏளனம் செய்ததாகவும், அப்போது அப்பமும் திராட்சை ரசமும் தசையும் இரத்தமுமாக மாறியதாகவும் நம்பிக்கை. அந்தத் திருப்பலியின் கிண்ணமும் தட்டும், 12ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு, இன்றும் உள்ளே இருக்கின்றன. கோயிலருகே எலியாஸ் வலீன்யாவின் மார்பளவுச் சிலை. இவ்வூர்ப் பங்குத்தந்தையாக இருந்து, 1984இல் பாதை நெடுக மஞ்சள் அம்புக்குறி தீட்டியவர். நீங்கள் இத்தனை நாளும் வழிதவறாமல் வந்தது அவர் கைவேலையால். அங்கே ஒரு நிமிடம் நின்று நன்றி சொல்லிவிட்டுப் போங்கள். மாலைத் திருப்பலியின் நேரம் கதவில் ஒட்டியிருக்கும். பல்யோசா எனப்படும் நீள்வட்டக் கல் வீடுகளில் ஒன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. கம்புப்புல் போன்ற ரை வைக்கோல் வேய்ந்த கூரையின் கீழ் மனிதரும் மாடும் சேர்ந்து குளிர்காலத்தைக் கழித்த வீடு அது.

மறுநாள் இறக்கம்

முகட்டைத் தொட்டாயிற்று, இனி இறக்கம்தான் என்று நினைத்துக் கிளம்பினால் ஏமாற்றம். சான் ரோக்கே கணவாயில் காற்றை எதிர்த்து நிற்கும் யாத்ரீகர் சிலையைத் தாண்டி, பதோர்னெலோவுக்குப் பிறகு ஒரு குட்டையான, மிகச் செங்குத்தான ஏற்றம். அதன் உச்சி ஆல்தோ தோ போயோ, 1,335 மீட்டர். ஓ செப்ரெய்ரோவைவிட உயரம். உச்சியிலேயே காப்பிக்கடை இருக்கிறது.

காயம் படுவது ஏற்றத்தில் குறைவு, ஃபோன்ஃப்ரியாவுக்குப் பின் வரும் இறக்கத்தில்தான் அதிகம். ஒன்பது கிலோமீட்டரில் அறுநூறு மீட்டர் இறங்குகிறது. முந்தைய நாள் ஏறிக் களைத்த தொடைத்தசை, உடம்பைத் தாங்கிப் பிடிக்க முடியாமல் எடையை முழங்கால் மூட்டில் இறக்கிவிடும். முந்தின இரவே கால் நகங்களை ஒட்ட வெட்டுங்கள். இறங்குமுன் குதிகாலை ஷூவின் பின்புறம் தட்டி அமர்த்தி, கணுக்கால் பக்கத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். விரல் முன்னால் முட்டினால் நகம் கறுத்துப்போகும். தடிகளை இப்போது நீளமாக்கி, முன்னால் ஊன்றி, முழங்காலைச் சற்றே மடக்கியபடி சின்ன அடியில் இறங்குங்கள்.

21 கிலோமீட்டரில் திரியாகாஸ்தெலா. அங்கிருந்து மறுநாள் சாரியாவுக்கு இரண்டு வழி: சான் ஷில் வழி சுமார் 18 கிலோமீட்டர், சிறிது ஏற்றத்தோடு, சமோஸ் மடாலய வழி சுமார் 25, ஆற்றோரம். முழங்கால் வலி தொடர்ந்தால் குட்டை வழியை எடுத்து, மதியமே சாரியாவில் படுத்துவிடுங்கள்.